வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே மக்களைக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சிறுநகரத்தின் மேம்பாடு பற்றி நகராட்சி குடியிருப்போரை அழைத்து நடத்திய கலந்தாய்வுக் கூட்டம் குறித்துத் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. மக்கள் திரளாக வந்து ஆலோசனை சொன்னார்கள், அவை பரிசீலிக்கப்படும் என்று நகர்மன்றத் தலைவர் உறுதியளித்தார் என்பது செய்தியின் சாரம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். செய்தியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களின் வலதுபுறக் கீழ் மூலையைத் தங்கள் நிருபர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் முதலில் பார்த்ததே அதைத்தான். பொறியியல் துறை ஒன்றில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுவதும் அந்த மூலையை என் கையால் நிரப்பியிருக்கிறேன்.

அந்த மூலையில் சிறு கட்டம் ஒன்று இருக்கும். வேலையின் பெயர், வரைபட எண், அளவுகோல், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர், தேதி என்று வரிசையாக எழுதியிருக்கும். அதற்கு மேலேயோ பக்கத்திலேயோ 'திருத்தங்கள்' என்று ஒரு பத்தி இருக்கும். முதலில் வரைந்த படத்தில் எதை, எப்போது, யார் சொல்லி மாற்றினார்கள் என்பதை அதில் குறிக்க வேண்டும். அன்று சுவரில் இருந்த எல்லாப் படங்களிலும் ஒப்புதல் கையெழுத்து விழுந்திருந்தது. தேதி கூட்டத்துக்கு வெகுநாள் முந்தியது. திருத்தப் பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது.

இதன் பொருளைப் பொதுமக்களுக்கு விளக்கியாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு சாலையோ வடிகாலோ நடைபாதையோ எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் உருவாகிறது. முதலில் இடத்தை அளக்கிறார்கள். பிறகு முதல்நிலை வரைபடம். அதை வைத்துச் செலவு மதிப்பீடு. மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதலும் நிதி ஒப்புதலும். அதன்பின் டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை. முதல்நிலை வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட ஒரு வரைவாளருக்கு அரைமணி நேரம் போதும். மதிப்பீடு முடிந்தபின் அதே கோட்டை மாற்றினால் அளவுகளையெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மாற்றினால் ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்பார், தணிக்கையில் கேள்வி வரும், கோப்பு திரும்பவும் மேலே ஏறி இறங்க வேண்டும். ஆகவே பணி ஆணை கொடுத்த பிறகு நடக்கும் கூட்டத்தில் ஒருவர் எவ்வளவு நல்ல யோசனையைச் சொன்னாலும், மேடையில் இருக்கும் பொறியாளர் "பார்க்கிறோம்" என்று மட்டுமே சொல்ல முடியும். அவர் மனத்தில் அலட்சியம் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் இனி எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து பேசியதைச் சொல்கிறேன். பிரதான சாலையைக் கடக்கப் பச்சை விளக்கு எரியும் நேரம் போதவில்லை, பாதி வழியில் இருக்கும்போதே வண்டிகள் சீறிக்கொண்டு புறப்படுகின்றன என்றார். விதிமுறைப்படிதான் நேரம் வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அவரும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. சாலையைக் கடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பல நாடுகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சாலை 12 மீட்டர் அகலம் என்றால் அந்தக் கணக்கில் 10 விநாடி போதும். கைத்தடி ஊன்றி நடக்கும் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 15 விநாடி வேண்டும். குறையும் ஐந்து விநாடியில் அவர் நிற்கும் இடம், எதிர்க்கரைக்கு நான்கு மீட்டர் முன்னால், சாலைக்குள்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. விளக்கின் நேரத்தைக் கூட்டலாம். அல்லது சாலையின் நடுவே ஒருவர் நின்று மூச்சுவாங்க ஒரு சிறு திட்டு அமைத்து, கடப்பதை இரண்டு பகுதியாக்கலாம். அந்தத் திட்டுக்கு இடம் விட வேண்டுமென்றால் இருபுறமும் வாகனத் தடங்களைச் சற்றே நகர்த்த வேண்டும். பென்சில் கோடாக இருந்தபோது அந்தப் பெரியவரைக் கேட்டிருந்தால் அன்று மாலையே படத்தில் அது ஏறியிருக்கும். இப்போது கல் பதித்து, தார் ஊற்றி, கோடு போட்ட பிறகு அவரைப் பேசச் சொல்லி மைக் கொடுத்தோம்.

இன்னொன்று வடிகால். ஒரு பெண்மணி, தம் சந்தின் முனையில் எவ்வளவு சிறிய மழைக்கும் தண்ணீர் நிற்கிறது, புதிய வடிகாலைச் சந்துக்கு எதிர்ப்புறம் கட்டப்போவதாகப் படத்தில் இருக்கிறதே என்று கேட்டார். லெவல் எடுத்துத்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று பதில் சொன்னார்கள். லெவல் எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு புள்ளியில் அளவுகோலை நிறுத்தி மட்டத்தைக் குறித்துக்கொண்டு வருவார்கள். அலுவலகத்தில் அந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து, தரையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நீள்வெட்டுப் படம் வரைவோம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தால் படத்தில் அது தெரியாது. அந்தப் பள்ளத்தை அறிந்தவர்கள் அதைத் தாண்டித் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர்கள்தான். அளவெடுக்கும் நாளில் அந்தப் பெண்மணியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கே கூடுதலாக ஒரு புள்ளி எடுத்திருப்பார்கள். செலவு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மட்டம் பார்க்கும் கருவிக்கும் மேலான அளவுக் குறிப்பு, அந்தத் தெருவில் மழைக்காலங்களைக் கழித்தவரின் நினைவில் இருக்கிறது என்று பணியில் இருந்தபோதே நான் சொல்லிவந்திருக்கிறேன்.

குடியிருப்போரும் உள்ளாட்சியும் உட்கார்ந்து பேசினால் பலன் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக வெளியூர் உதாரணம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரேசிலில் உள்ள போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-ல் மேயராக வந்த ஒலிவியோ டுத்ராவின் நிர்வாகம், நகரின் முதலீட்டு நிதியை எந்தெந்த வேலைக்குச் செலவிடுவது என்பதை மக்கள் கூட்டங்களில் தீர்மானிக்கும் முறையைத் தொடங்கியது. நகரை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் கூட்டச் சுற்றின் தொடக்கத்தில் நிர்வாகம் போன ஆண்டுக் கணக்கைச் சொல்ல வேண்டும். எந்த வேலையை ஏற்றுக்கொண்டீர்கள், எது முடிந்தது, எது முடியவில்லை என்பதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் புதிய ஆண்டின் பேச்சு. அதன்பின் ஒவ்வொரு பகுதியும் தன் முன்னுரிமைகளை வரிசைப்படுத்தும், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும். எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை, அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள், அந்த வசதி எவ்வளவு குறைவாக இருக்கிறது, அவர்களே அதற்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்ற அளவீடுகளுக்குப் புள்ளி போட்டு முடிவு செய்தார்கள். 1988-ல் குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 75 சதவீதமாக இருந்தன. 1997-ல் அது 98 சதவீதம் ஆனது.

அது பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் பெருநகரம், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். ஊரின் அளவை விடுங்கள். அவர்கள் செய்ததில் நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயங்கள். எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொன்னார்கள். போன ஆண்டின் வாக்குறுதிக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பேசினார்கள். சிறிய ஊரில் இவை இரண்டும் இன்னும் எளிது. கேரளத்திலும் 1996-ல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவெடுத்தே மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கினார்கள். பணம் எவ்வளவு என்று தெரியாத கூட்டத்தில் மக்கள் ஆசைகளைத்தான் சொல்வார்கள். தெரிந்த கூட்டத்தில்தான் இது முதலில், அது அப்புறம் என்று தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள்.

போர்ட்டோ அலெக்ரேயின் முறை என்றென்றும் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்சிகள் மாறின, ஆர்வம் தேய்ந்தது, 2017-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு நிர்வாகத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாட்டுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவேதான் நம் நகராட்சி மக்களை முன்கூட்டியே கலந்து பேசும் முறையைத் தீர்மானமாகவே நிறைவேற்றி விதியாக்க வேண்டும் என்கிறேன்.

இனி நம் பக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்கள் யார்? வேலை நாளில், முற்பகல் பதினொரு மணிக்கு வைத்த கூட்டம் அது. என்னைப் போல் ஓய்வு பெற்றவர்களும், சொந்த வீடும் சொந்தக் கடையும் உள்ளவர்களுமே வந்திருந்தோம். வாடகைக்குக் குடியிருப்பவர்களைக் காணவில்லை. ஊரில் அதிகமாக நடப்பவர்களும், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களும் அவர்கள்தான். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் மண்டபத்துக்குப் படி மட்டுமே இருந்தது. ஒரு சக்கர நாற்காலி போக ஏறத்தாழ 90 சென்டிமீட்டரும், இரண்டு எதிரெதிராகக் கடக்க 1.8 மீட்டரும் வேண்டும் என்று நாங்கள் படங்களில் எழுதுவோம். அந்த அளவுகள் யாருக்காகவோ, அவர்கள் உள்ளே வர முடியாத இடத்தில் நடைபாதையைப் பற்றிப் பேசினோம். இது என்னை மிகவும் உறுத்தியது. தெருவைக் கூட்டும் தொழிலாளர்களையும் யாரும் அழைக்கவில்லை. எந்த மூலையில் குப்பை சேர்கிறது, எந்த வடிகால் மூடி உடைந்திருக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கூட்டத்தை மாலையில் வையுங்கள். ஒரே மண்டபத்தில் மட்டும் வைக்காமல் பஸ் நிறுத்தத்திலும் சந்தையிலும் பள்ளி வாசலிலும் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஓர் இளநிலைப் பொறியாளர் உட்காரட்டும். மைக் பிடித்துப் பேசக் கூச்சப்படுபவர்கள்கூடப் படத்தில் விரல் வைத்து "இங்கேதான்" என்று காட்டுவார்கள்.

வந்தவர்களாகிய நாமும் எதைக் கேட்டோம்? என் வீட்டு வாசலுக்கு வேகத்தடை, என் தெருவுக்கு விளக்கு, என் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம். மரத்தின் இலை வடிகாலில் விழுகிறது, ஆகவே மரத்தை வெட்டுங்கள் என்றுகூட ஒருவர் கேட்டார். ஊர் முழுவதையும் மனத்தில் வைத்துப் பேசியவர்கள் குறைவு. பத்து வீட்டுக்குப் பத்து வேகத்தடை கேட்பதைவிட, பள்ளிக்கு முன்னால் கடக்குமிடத்தையே நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தி அகலமான மேடையாக அமைத்தால் வண்டியின் வேகமும் குறையும், குழந்தைகளும் இறங்கி ஏறாமல் கடப்பார்கள். இப்படிப்பட்ட வழிகள் இருப்பதே மக்களுக்குத் தெரியாது. தெரியப்படுத்த வேண்டியது பொறியாளர்கள். கேட்கத் தெரிந்தவர்களாக மக்களை ஆக்குவதும் கலந்தாய்வின் வேலைதான்.

வண்டி நிறுத்தும் இடம் பற்றிய சச்சரவு எல்லா ஊரிலும் இருப்பது. நடைபாதையை அகலப்படுத்தினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஸ்பெயினில் பொன்டெவெத்ரா என்ற ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 83,000. நம்மைப் போன்ற சிறுநகரம் என்றே வைத்துக்கொள்ளலாம். 1999-ல் அங்கே மேயராக வந்த மிகெல் அன்சோ ஃபெர்னாண்டஸ் லோரஸ், மையப் பகுதியின் தெருக்களை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஊரைக் கடந்துபோக மட்டுமே உள்ளே நுழையும் வாகனங்களைத் தடுத்தார். தெருவோர நிறுத்துமிடங்களை எடுத்துவிட்டு, மையத்தின் விளிம்பில் இலவச நிறுத்துமிடங்களை அமைத்தார்கள். சரக்கு இறக்கும் வண்டிகளும் அவசர ஊர்திகளும் உள்ளே போகத் தடை இல்லை. மக்கள் தொடர்ந்து பல தேர்தல்களில் அவரையே மேயர் பதவிக்கு அனுப்பினார்கள். கடைக்காரர்களோடு பேசும்போது "முடியாது" என்று தொடங்காமல் "வண்டியை எங்கே நிறுத்தலாம்" என்று தொடங்கினால் பேச்சு நகரும் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். கூட்டத்தில் சொன்ன ஒவ்வொரு யோசனைக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் ஏற்கிறோம், ஏற்கவில்லை, இன்ன காரணம் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்ற யோசனை வரைபடத்தின் திருத்தப் பத்தியில் தேதியோடு ஏற வேண்டும். "பரிசீலிக்கப்படும்" என்ற சொல்லை அந்தப் பதிவேட்டில் அனுமதிக்கவே கூடாது.

மறுத்துச் சொன்னால் மக்கள் கோபப்படுவார்கள் என்று அதிகாரிகள் தயங்குகிறார்கள். என் அனுபவம் வேறு. எங்கள் தெரு முனையில் நிழலுக்கு ஒரு மரம் நடும்படி மனு கொடுத்திருந்தேன். அந்த இடத்துக்கு அடியில் குடிநீர்ப் பிரதானக் குழாய் போகிறது, வேர் குழாயின் இணைப்புகளை நெருக்கும், எதிர்ப்பக்கம் நடலாம் என்று ஓர் இளம் பொறியாளர் நான்கு வரியில் எழுதி அனுப்பினார். எனக்கு அந்தக் கடிதம் மிகவும் மதிப்புள்ளதாகப் பட்டது. கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் நான் எழுதியதை ஒருவர் படித்து, குழாய்ப் படத்தை எடுத்துப் பார்த்து, யோசித்திருக்கிறார். காரணத்தோடு வரும் மறுப்பை யாரும் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராத மனுதான் மக்களை அடுத்த கூட்டத்துக்கு வரவிடாமல் செய்கிறது.

பராமரிப்பைப் பற்றியும் இரண்டு வரி. மேம்பாடு என்றாலே புதிதாகக் கட்டுவது என்று ஆகிவிட்டது. கட்டிய வடிகாலில் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை மண் அள்ளுவார்கள் என்று அன்று மேடையிலும் சொல்லவில்லை, கீழே இருந்தவர்களும் கேட்கவில்லை. வடிகாலில் நீர் ஓடும் வேகம் குறைந்தால் மண் படியும், மண் படிந்தால் வேகம் இன்னும் குறையும். எவ்வளவு சரிவாக வரைந்தாலும் அள்ளாத வடிகால் அடைத்தே தீரும். ஆகவே ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டோடு அதன் பராமரிப்புக்கு ஆகும் ஆண்டுச் செலவையும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்த மறுநாள் செய்தி போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கூட்டத்துக்கு முன்பே, எந்தெந்த வேலை இன்னும் டெண்டருக்குப் போகவில்லை, எதில் மாற்றம் செய்ய இன்னமும் இடம் இருக்கிறது என்று நகராட்சியிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். மாதங்கள் கழித்து, எந்த யோசனைக்கு என்ன பதில் கொடுத்தீர்கள் என்று ஆணையரிடம் மறுபடி கேளுங்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள சாலையின் வேலை இன்னும் மதிப்பீட்டு நிலையில்தான் இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்கள். அந்தப் படத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் நின்று கடக்க ஒரு நடுத்திட்டை அதில் சேர்க்க இன்னமும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வு பெற்ற வரைவாளர்